பொன்மலையில் பிறந்த நகல்

எங்க பக்கத்துக்கு ரயில் தாமதமாத்தான் வந்தது. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பிற்பாடு ரமண மகரிஷி, 1896-ல் மதுரையில் ரயிலேறித்தான் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். அவர் பிறந்த ஊருக்கு ரயில் வந்தபோது அவர் மறைந்து 14 வருஷம் ஆகியிருந்தது. விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி, மானாமதுரை என்று அந்த மீட்டர் கேஜ் பாதை 1963-64-ல் திறந்தது. குடிக்கிற தண்ணிக்கே கண்மாயைப் பார்த்துக் கிடக்கிற பூமியில், ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணியைக் குடித்துவிட்டு நீராவி எஞ்சின் ஓடியது.

எங்க பெரியப்பாவுக்கு அந்த ரயில் என்றால் கண்ணில் விழுந்த கரித்தூள்தான். "வெள்ளை வேட்டியோட ஏறினா புள்ளி வச்ச வேட்டியோட எறங்கணும்டா" என்பார். அந்த எஞ்சின் போனது, மீட்டர் கேஜும் போனது. 2013-லிருந்து அகலப்பாதை.

அவரை மாதிரி ஆட்களுக்குக் காட்ட இன்றைக்கு என்ன மிச்சம் என்று தேடப்போய்த்தான் பொன்மலைக்கு வந்து சேர்ந்தேன்.

திருச்சி பொன்மலைப் பணிமனை, தென்னிந்திய ரயில்வே தன் நாகப்பட்டினம் பணிமனையை 1920-களில் இடம் மாற்றி உருவாக்கியது. நீலகிரி மலை ரயிலின் 'எக்ஸ்' வகுப்பு எஞ்சின்களுக்கு வைத்தியசாலை இதுதான். அவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் கட்டியவை. 1914-லிருந்து 1950-களின் தொடக்கம் வரை தவணை தவணையாக வந்தவை. கட்டிய கம்பெனி அந்தப் பெயரில் இப்போது இல்லை.  அதனால் ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே வார்த்து, கடைந்து, பொருத்திப் பழகினார்கள். பழகிய கை, 2011-லிருந்து முழு எஞ்சினையே புதுசாகக் கட்ட ஆரம்பித்தது. முதலில் எண்ணெயில் எரிகிற நான்கு. பிறகு 2021-ல் பழையபடி நிலக்கரியில் ஓடுகிற ஒன்று.

இது லேசுப்பட்ட எஞ்சின் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரண ரயில் மாதிரி சக்கரப் பிடிமானத்தில் போகும். கல்லாறு தாண்டினால் ஏறத்தாழ 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம், சக்கரம் வழுக்கும். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. ஒரு ஜோடி சிலிண்டரில் வேலை செய்து சக்கரத்தைத் தள்ளிய அதே நீராவி, வீணாகாமல் மேலே உள்ள சிலிண்டர்களுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். ஒரே ஆவி, இரண்டு வேலை. இரண்டும் இசைந்து போகணும். கொதிகலனும் அப்படித்தான், விளையாட்டு இல்லை. ஓர் இணைப்பு பிசகினால் நிற்பது ரயில் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற ஆளும் போவான்.

சரி, இது அசலா நகலா? 2023-ல் சென்னையில் மின்சார ரயில் ஒன்றுக்கு நீராவி எஞ்சின் முகத்தை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வேஷம். இன்னொரு பக்கம், 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டி, காலங்காலமாகக் காட்சிப்பொருளாக நின்ற எஞ்சினை 2010-ல் பெரம்பூர் பணிமனை மறுபடி ஓடவைத்தது. அது அசலுக்கு உயிர் கொடுத்தது. பொன்மலை செய்தது இரண்டுமில்லை. இரும்பு புதுசு, செய்கிற வித்தை பழசு. எனக்கு இதுதான் பெரிசாகப் படுகிறது. பழைய இரும்பை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம், கொதிகலனுக்கு ஆணி அடிக்கிற கையை எங்கே வைப்பது? எங்க ஊர்த் தறிக்காரர்களைக் கேளுங்கள், ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் கைத்தொழில் என்ன ஆகும் என்று சொல்வார்கள்.

இன்னொன்று. நீலகிரிப் பாதையும் மீட்டர் கேஜ்தான். செங்கோட்டை, புனலூர் பாதையும் அகலமான பிறகு தமிழ்நாட்டில் பயணிகளை ஏற்றிக்கொண்டு மீட்டர் கேஜில் ஓடுவது அது ஒன்றுதான். அருப்புக்கோட்டையில் நின்ற ரயிலுக்கு உயிரோடு இருக்கிற ஒரே சொந்தக்காரன்.

பெரியப்பாவை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போனேன். இது அந்தக் காலத்து எஞ்சின் இல்லை, திருச்சியில் புதுசாகக் கட்டியது என்று முன்னாடியே சொல்லிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியே வந்தவர், பல்சக்கரம் பிடித்துக் கடகடவென்று ஏற ஆரம்பித்ததும் தலையை உள்ளே இழுத்து, துண்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விழுந்துருச்சுடா" என்றார்.