பண்டகசாலையுட் புகுந்த தானியங்கு வண்டிகள்: ஒரு வரலாற்று நோக்கு

வணிக வரலாறு எழுதினோர் கப்பலைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் பண்டகசாலையைப் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துவிடுவர். ஆனால், பண்டகசாலைத் தொழிலாளி ஒருவன் நாள்தோறும் நடக்கும் நடை மிக நெடியது. இறாக்கைகளுக்கிடையே பொருளைத் தேடி, எடுத்து, பொதிகட்டும் மேசைவரை சுமந்துவரும் அந்நடைக்கே அங்கு செலவிடப்படும் நேரத்திலும் கூலியிலும் கணிசமான பகுதி போய்விடுகின்றது. அந்த நடையைப் பொறியிடம் ஒப்படைக்க மனிதன் முயன்ற வரலாறு எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இன்று இத்தகைய வண்டிகளை வாங்க எண்ணுவோர் விலைப்பட்டியலைக் கையில் எடுக்குமுன் இவ்வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நன்று. ஏனெனில், ஒவ்வொரு தலைமுறை வண்டியும் விலைக்கு அப்பால் வேறொன்றையும் தன்னை வாங்கியவரிடம் கேட்டே வந்திருக்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த பரற் இலெக்ரோனிக்ஸ் என்னும் நிறுவனம் 1953ஆம் ஆண்டளவிற் சாரதியில்லாத இழுவை வண்டியொன்றை ஆக்கியது. மளிகைப் பண்டகசாலையொன்றில் மேலே கட்டப்பட்ட கம்பியைத் தொடர்ந்து அது தொடர்வண்டிகளை இழுத்துச் சென்றது. அடுத்த ஆண்டிலே தென் கரோலைனாவின் கொலம்பியா நகரில் உள்ள சரக்கு நிறுவனமொன்றில் அவ்வகை வண்டி பணிக்கு அமர்த்தப்பட்டது. பின்னர் கம்பி தரைக்குட் சென்றது. சீமெந்துத் தரையை வெட்டிக் கம்பியைப் புதைத்து, அதில் மின்னோட்டத்தைச் செலுத்துவர். அக்கம்பியைச் சூழ எழும் காந்தப் புலத்தை வண்டியின் அடியிலுள்ள சுருள்கள் உணர்ந்து, அவ்வழியே வண்டியைச் செலுத்தும். இவ்வண்டி கேட்டது தரையை. வழியை மாற்ற விரும்பின் தரையை மீண்டும் வெட்டுதல் வேண்டும். வழியிற் பெட்டியொன்று கிடப்பின் வண்டி நின்றுவிடும், சுற்றிச் செல்ல அறியாது. எனினும் இதனை ஏளனம் செய்தல் தகாது. ஒரே பாரத்தை ஒரே வழியில் ஆண்டுக்கணக்காகக் கொண்டுசெல்லும் ஆலைகளில் இதனிலும் நம்பத்தக்க ஏவலாளன் கிடைப்பதரிது. சுவீடனின் கல்மார் நகரில் 1974இல் வொல்வோ நிறுவனம் திறந்த ஆலையில், கார்கள் இத்தகைய தானியங்கு வண்டிகளின்மேல் ஏற்றப்பட்டே ஒரு குழுவிடமிருந்து மறு குழுவிடம் சென்றன.

கம்பியின்றி வழிகாணும் முயற்சி பண்டகசாலையிலன்றி ஆய்வுகூடத்திலேயே பிறந்தது. கலிபோர்ணியாவின் ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவகத்தில் 1966 முதல் 1972 வரை உருவாக்கப்பட்ட "ஷேக்கி" என்னும் றோபோ, அறைகளைக் கண்ணால் நோக்கித் தன் பாதையைத் தானே வகுத்தது. அப்பணியின்போது 1968இல் வெளியிடப்பட்ட குறும்பாதை காணும் கணிதமுறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அறியாத இடத்திற் செல்லும் பொறி, தான் நிற்குமிடத்தையும் சூழலின் வரைபடத்தையும் ஒருங்கே கணித்தறிவது எங்ஙனம் என்னும் வினா 1980களின் பிற்பாதியில் அறிஞர்களை ஈர்த்தது. அதற்குரிய விடை கணினியின் வேகமும் லேசர்க் கதிரால் தூரமளக்கும் கருவியின் மலிவும் கூடிவரும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

இதற்கிடையே வணிகவுலகில் ஒரு வீழ்ச்சி நிகழ்ந்தது. இணையத்தின்வழி மளிகைப் பொருள் விற்ற வெப்வான் என்னும் அமெரிக்க நிறுவனம், சுழலும் இறாக்கைகளும் நெடிய நகர்பட்டிகளும் நிறைந்த பாரிய பண்டகசாலைகளைப் பெருஞ்செலவிற் கட்டியது. எதிர்பார்த்த வாடிக்கையாளர் வந்து சேருமுன் 2001 யூலையில் அது முறிந்தது. அங்கு பணியாற்றிய மிக் மவுன்ஸ் என்பார், ஒரு சிறு கட்டளையை நிறைவேற்ற இத்துணைச் செலவு ஏன் என்று சிந்தித்து, 2003இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் கீவா சிஸ்ரம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பீற்றர் வேர்மன், ரஃபாயெலோ டி'அன்றேயா ஆகியோர் அவருடன் இணைந்தனர்.

அவர்கள் கேள்வியையே தலைகீழாக்கினர். மனிதன் இறாக்கையிடம் செல்வானேன்? இறாக்கை மனிதனிடம் வரட்டும் என்றனர். தாழ்ந்த செம்மஞ்சள் நிற வண்டியொன்று இறாக்கையின் கீழே நுழைந்து, அதனைத் தரையிலிருந்து உயர்த்தி, பொருளெடுப்பவர் நிற்குமிடத்திற்குச் சுமந்துவரும். தரையில் ஒழுங்காக ஒட்டப்பட்ட குறியீட்டுச் சீட்டுகளை வண்டியின் அடியிலுள்ள படக்கருவி வாசித்துத் தன்னிடத்தை அறியும். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் வழிவிடச் செய்யும் கணினியின் திறமையே இங்கு மெய்யான கண்டுபிடிப்பு எனலாம். இவ்வண்டிகள் கேட்டது கட்டடத்தை. அவை ஓடும் களம் வேலியிடப்பட்டது. மனிதன் அதனுள் இயல்பாக நடமாட இயலாது.

2012இல் அமேசன் நிறுவனம் கீவாவை 77.5 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. பிறருக்கு இவ்வண்டிகளை விற்பது அதன்பின் கைவிடப்பட்டது. கீவாவை நம்பித் தம் பண்டகசாலைகளை அமைத்திருந்த வணிகர் நிலை யாதாயிற்று என்பது இவ்வரலாற்றில் மிகவும் படிப்பினை நிறைந்த பகுதி. அவர்களுள் ஒன்றான குவையற் லொஜிஸ்ரிக்ஸ் நிறுவனம், வேறு வழியின்றித் தானே வண்டி செய்யத் துணிந்தது; 2014இல் அதிலிருந்து லோக்கஸ் றோபோற்றிக்ஸ் பிறந்தது. வண்டி பழுதானால் திருத்தலாம். அதனை ஆளும் மென்பொருளும் உதிரிப்பாகமும் போட்டியாளன் கைக்குப் போய்விடின் என் செய்வது? வாங்குவோர் கேட்க மறக்கும் முதல் வினா இதுவே என்பது என் துணிபு.

லோக்கசின் வண்டியோ கட்டடத்தை மாற்றக் கேட்கவில்லை. இருந்த இறாக்கைகள் இருந்தபடியே நிற்க, அது மனிதரிடையே ஓடி, எடுக்கவேண்டிய பொருளின் அருகிற் சென்று நிற்கும். தொழிலாளி அதன் தட்டிற் பொருளை இட்டதும் அடுத்த இடம் நோக்கிச் செல்லும். தன்வழி தானே காணும் வண்டி என இன்று சிறப்பித்துச் சொல்லப்படுவது இவ்வகையே. வாடகைக் கட்டடத்தில் இருப்போர்க்கும், பண்டிகைக்காலத்தில் மட்டும் வேலை பெருகுவோர்க்கும் இது ஏற்றது. ஆயின், "எதுவும் மாற்றவேண்டியதில்லை" என்னும் விற்பனையாளர் சொல்லை அப்படியே கொள்ளலாகாது. லேசர்க் கதிரைக் கண்ணாடிச் சுவரும் பளபளக்கும் உலோகமும் ஏமாற்றும். வெடித்த தரையிலும் சரிவிலும் சில்லு தடுமாறும். கம்பியில்லாத் தொடர்பு எட்டாத மூலையில் வண்டி மௌனமாகிவிடும். பண்டகக் கணக்கிற்கும் இறாக்கையில் உள்ளதற்கும் பொருத்தமில்லையாயின், வண்டி விரைந்து சென்று வெறுந்தட்டின் முன் நிற்கும்! சாரதியற்ற தொழிற்சாலை வண்டிகளுக்கென 2020இல் வெளிவந்த சர்வதேச நியமம், வண்டியின் நிறுத்தியை மட்டுமன்றி அது இயங்கும் தளத்தை ஆயத்தஞ்செய்வது பற்றியும் விதிகூறுவது ஈண்டு நோக்கத்தக்கது.

மனிதனிடம் இவை கேட்பது யாது? நடை குறைந்தபோது ஓய்வு கூடியதெனச் சொல்லவியலாது. பொருள் தேடி வருவதனால் நின்ற நிலையில் ஒரே அசைவை இடையறாது செய்யும் வேலை மிகுந்தது. அமேசனின் சொந்தப் பதிவேடுகளை ஆராய்ந்து 2020இல் அமெரிக்கப் புலனாய்வு இதழாளர் வெளியிட்ட அறிக்கை, றோபோக்கள் உள்ள பண்டகசாலைகளிற் கடுங்காயங்களின் வீதம் ஏனையவற்றிலும் உயர்ந்திருந்ததெனக் கூறியது. நிறுவனம் அம்முடிவை ஏற்கவில்லை. ஆயினும், வண்டியின் வேகத்தோடு பொருளெடுப்பவருக்கு விதிக்கப்படும் எண்ணிக்கையும் உயர்த்தப்படுகின்றதா என்னும் வினா வண்டி வாங்கும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கின்றது. அவ்வெண்ணிக்கையை விதிப்பது வண்டியன்று, அதனை வாங்கியவரே.

அமேசன் 2022இல் வேலியின்றி மனிதரிடையே ஓடும் வண்டியை அறிமுகஞ் செய்தது. 2025இல் தன் றோபோக்களின் தொகை பத்து இலட்சத்தை எட்டியதாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியின் டோட்முண்ட் நகரில், தொடுகையை உணர்ந்து இறாக்கையிலிருந்து பொருளெடுக்கும் பொறிக்கரமொன்றையும் அது காட்சிக்கு வைத்தது. ஏணி வேண்டும் மேற்றட்டுகளும் குனிய வேண்டும் கீழ்த்தட்டுகளும் அக்கரத்திற்கு ஒதுக்கப்பட்டன. இடையிலுள்ள தட்டுகளிலிருந்து பொருளெடுக்கும் வேலை தொழிலாளரிடமே விடப்பட்டது.