அனைரின் பெவன் (1897–1960)

பிரிட்டிஷ் தொழிற்கட்சி அரசியல்வாதி. அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவையை நிறுவிய மந்திரி. தெற்கு வேல்ஸிலுள்ள டிரெடிகர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், 1897 நவம்பர் 15ஆம் தேதி, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார்.

13ஆம் வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கிய பெவன், இளமையிலேயே திக்குவாய் உடையவராயிருந்தும், நாவில் தடைப்படும் சொல்லுக்கு ஈடாக அதே பொருளுள்ள வேறொன்றை அக்கணமே எடுத்தாளும் பொருட்டு ஊர்த் தொழிலாளர் நூலகத்தில் இடைவிடாது வாசித்து, பிற்காலத்தில் பார்லிமெண்டின் தலைசிறந்த பிரசங்கிகளுள் ஒருவராய் விளங்கினார். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்ட அவருடைய தந்தை 1925இல் இறந்தபோது, அந்நோய் சட்டத்தில் இடம்பெறாமையால், குடும்பத்துக்கு நஷ்டஈடு யாதும் கிட்டவில்லை.

1929இல் எபு வேல் தொகுதியின் பிரதிநிதியாகக் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, இறுதிவரை அத்தொகுதிக்கே உழைத்தார். 1934இல் ஜென்னி லீயை மணந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரதம மந்திரி சர்ச்சிலை அஞ்சாது கண்டித்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

1945இல் பிரதம மந்திரி அட்லி அவரைச் சுகாதார மந்திரியாக நியமித்தார். டிரெடிகரில் தொழிலாளர் தம் கூலியில் வாரந்தோறும் சில காசுகளை ஒரு சங்கத்துக்கு அளித்து, அதன்வழி வைத்தியரையும் மருந்தையும் ஆஸ்பத்திரி வசதியையும் பெற்றுவந்ததைக் கண்டு வளர்ந்த அவர், அந்த நன்மையைத் தேசத்தார் யாவர்க்கும் உரியதாக்கத் துணிந்தார். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகரசபைகளும் தர்ம ஸ்தாபனங்களும் நடத்திய ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் வசமாயின. வைத்தியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. நிபுணர்கள் தனிப்பட்ட நோயாளிகளையும் கவனிக்கலாம் என்றும், பொது வைத்தியர்கள் முழுச் சம்பள ஊழியராக்கப்படார் என்றும் உறுதி கூறி அவர்களை இணங்கச் செய்தார். 1948 ஜூலை 5ஆம் தேதி, மான்செஸ்டரை அடுத்த டேவிஹியூம் பார்க் ஆஸ்பத்திரியில் அவர் முன்னிலையில் சேவை தொடங்கியது.

கொரிய யுத்தச் செலவை முன்னிட்டு மூக்குக்கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கட்டணம் விதிக்கப்பட்டபோது, 1951 ஏப்ரலில் மந்திரிசபையிலிருந்து விலகினார். 1955இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டு கெய்ட்ஸ்கலிடம் தோற்றார். 1957இல், பிரிட்டன் ஒருதலைப்பட்சமாக அணு ஆயுதத்தைக் கைவிடுவதை எதிர்த்துப் பேசி, நெடுநாள் ஆதரவாளர்களின் மனத்தாபத்துக்கு ஆளானார். 1959இல் கட்சியின் துணைத் தலைவரான அவர், 1960 ஜூலை 6ஆம் தேதி வயிற்றுப் புற்றுநோயால் காலமானார்.

அவர் வெறுத்த கட்டணங்கள் சில நிலைத்துவிட்டன எனினும், பிணியுற்றவனிடம் பணம் உண்டா என்று கேளாமல் சிகிச்சை அளிப்பதே நாகரிக அரசின் கடமை என்னும் அவருடைய கோட்பாட்டை, பின்வந்த எக்கட்சி அரசாங்கமும் கைவிடவில்லை. பெவனின் அரசியல் வாழ்வை அளப்பதற்கு அதுவே தக்க அளவுகோல்.