தனுஷ்கோடிச் சேர்ச்சின் முருகைக்கல் சுவர்கள்



தனுஷ்கோடிக்குப் போய்வந்தவர்கள் போடும் படங்களில் கூரையில்லாத ஒரு சேர்ச் கட்டாயம் இருக்கும். வகுப்பில் காட்டினால் பிள்ளைகள், "யுத்தத்தில் உடைஞ்சதா சேர்?" என்பார்கள். இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் போனது.

அந்த ஊர் நமக்கு அந்நியமில்லை. 1914இலிருந்து மெட்ராஸ் கோச்சியில் வந்தவர்கள் அங்கே கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி கோச்சி பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள். போட் மெயில் என்றால் மூத்தவர்களுக்குத் தெரியும். புயலன்று பாம்பனிலிருந்து வந்த 653ஆம் இலக்கக் கோச்சி, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. ஒருவர்கூட மிஞ்சவில்லை. பிறகு மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. 2004இல் ஜனாஸாக்களை எண்ணிய நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

முன்பு மணலில் ஜீப்பிலும் வேனிலும்தான் அங்கே போகலாம். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தார்கள். இப்போது கார், பஸ் என்று கூட்டம். சேர்ச்சுக்குப் பக்கத்திலேயே சங்கு, சிப்பிக் கடைகள். சுவரில் ஏறிப் படம் எடுக்கிறார்கள், பெயர் கீறுகிறார்கள்.

கடை போட்டிருப்பவர்களோடு எனக்குக் கோபமில்லை. ஊர் செத்த பிறகும் அந்த மணலை விடாத மீனவக் குடும்பங்கள் அவர்களில் உண்டு. பயம் பெரிய காசுக்குத்தான். சுனாமிக்குப் பிறகு நம் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்றார்கள். உல்லாச விடுதிகளுக்கு மட்டும் விதி வளைந்தது. அங்கும் அப்படி நடந்தால், அந்தச் சுவர் ஒரு ஹோட்டலின் முற்றத்து அலங்காரமாகிவிடும்.

செய்யவேண்டியது பெரிய வேலையுமில்லை. சுற்றிவரக் கொஞ்சம் தள்ளி வேலி, கடைகளுக்கு ரோட்டோரம் வேறு இடம், பழுதுக்குச் சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து பூசினால் உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டு முருகைக்கல் பொருக்காகி உதிரும்.

சேர்ச்சுக்கு ஒரு முஸ்லிம் வாத்தியார் ஏன் வக்காலத்து என்று கேட்பீர்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய எத்தனை பள்ளிவாசல்களை நம் கரையில் நாமே இடித்துவிட்டு மாடிப்பள்ளி கட்டினோம்? ஒரு தூணைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பழைய பள்ளிகளின் படம் யாருடைய வீட்டு அல்பத்திலாவது இருந்தால், கரையான் தின்னுமுன் எனக்கு அனுப்புங்கள்.