அறுபது நாள் சட்டமும் இருபதாண்டு நஞ்சும்: காசர்கோடு எண்டோசல்பான் வரலாற்றில் மெய்ப்பிக்கும் பொறுப்பு

முன்னுரை

பூச்சிக்கொல்லி மனிதருக்கும் மண்ணுக்கும் கேடு செய்யும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எந்தப் பூச்சிக்கொல்லி, எவ்வளவு, யாருக்கு, எத்தனை ஆண்டு கழித்து என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதனினும் கடினமான கேள்வி, அந்தக் கேட்டை யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பது. கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மீது 1970களின் பிற்பகுதி முதல் 2000 டிசம்பர் வரை எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அதன் விளைவுகள் குறித்து ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அந்த விளைவுகளுக்கான சாட்சியம் எப்படித் திரண்டது, யாரால் திரட்டப்பட்டது, ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியாவின் பூச்சிக்கொல்லிச் சட்டம் திடீர் மரணங்களைக் கண்டு பிறந்தது. மெல்லப் பரவும் நஞ்சைக் காணும் கண் அதற்கு இல்லாமல் போனது. அந்தக் குறையின் சுமை நஞ்சை ஏற்றவர்கள் தலையிலேயே விழுந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1958: சட்டம் பிறந்த சூழல்

1958ஆம் ஆண்டின் கோடையில், கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவு உண்டவர்கள் வாந்தியும் வலிப்பும் கண்டு சாய்ந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தனர். கப்பலில் மாவு மூட்டைகளோடு ஏற்றிவந்த பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து உணவில் கலந்திருந்தது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. பூச்சிக்கொல்லிகளை ஒழுங்குபடுத்த நாட்டில் தனிச் சட்டமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். அதற்கான விதிகள் 1971இல் வகுக்கப்பட்டன.

சட்டத்தின் சாயல் அது பிறந்த விபத்தின் சாயலாகவே இருந்தது. நஞ்சைப் பதிவு செய்வது, உரிமம் தருவது, சிமிழில் எச்சரிக்கைக் குறியிடுவது, உணவோடு சேர்த்து ஏற்றாமல் தடுப்பது ஆகியவற்றில் அது கூர்மையாக இருந்தது. ஆபத்தான பூச்சிக்கொல்லியைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் 27ஆம் பிரிவில் உள்ளது. விசாரணை முடியும்வரை 60 நாளுக்குத் தடை விதிக்கலாம். விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். ஒரு கப்பல் சரக்கில் என்ன கலந்தது என்று கண்டறிய 90 நாள் தாராளம். கருவில் இருக்கும்போது நஞ்சு தீண்டிய குழந்தை பருவமடையும்போது என்ன ஆகிறது என்று அறிய அந்தக் கெடு எந்த மூலைக்கும் போதாது.

முந்திரியும் தேயிலைக் கொசுவும்

காசர்கோட்டின் செம்பாறைக் குன்றுகளில் 1960களில் அரசு முந்திரி நடத் தொடங்கியது. பின்னர் இந்தத் தோட்டங்கள் மாநில அரசு நிறுவனமான கேரளத் தோட்டக் கழகத்தின் கைக்கு வந்தன. பரப்பு 4,500 ஹெக்டேருக்கு மேல். முந்திரி துளிர்த்துப் பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும், குத்திய இடம் கருகும், பூ உதிரும், மகசூல் விழும். குன்றுகளில் ஏறி மரம் மரமாய்க் கைத்தெளிப்பானால் மருந்தடிக்க ஆள் கூலி அதிகம். ஹெலிகாப்டர் மலிவாகத் தோன்றியது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அது வந்தது.

தெளித்த பொருளின் இயல்பை இங்கே சொல்ல வேண்டும். எண்டோசல்பான் 1950களில் சந்தைக்கு வந்த ஆர்கனோகுளோரின் வகைப் பூச்சிக்கொல்லி. நரம்புச் செல்களின் கிளர்ச்சியை அடக்கும் பாதையை அது அடைத்துவிடுவதால் நரம்பு கட்டுக்கடங்காமல் துடிக்கும், வலிப்பு வரும். மீன்களுக்கு மிகச் சிறிய அளவே எமன். மண்ணில் அது சிதைந்து எண்டோசல்பான் சல்பேட்டாக மாறினாலும் நச்சுத்தன்மை குறைவதில்லை. அந்தச் சல்பேட் தாய்ப்பொருளைவிட நீண்டகாலம் நிற்கும்.

தெளித்த இடத்தின் இயல்பு அதைவிட முக்கியம். தோட்டங்களும் குடியிருப்புகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஊர் அது. மழை மிகுதி. மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பங்கு, குன்றின் வயிற்றில் கிடைமட்டமாகக் குடைந்த சுரங்கங்களில் கசிந்து வருவது. குன்றின் தலையில் தெளித்தது குன்றின் மடியில் குடிநீராக இறங்க அதிகத் தூரம் இல்லை. 1971ஆம் ஆண்டு விதிகள் வான்வழித் தெளிப்புக்கு நிபந்தனைகள் விதித்திருந்தன. 24 மணி நேரத்துக்கு முன் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும்; தொடர்பில்லாத மனிதரும் கால்நடையும் குறிப்பிட்ட காலம்வரை அப்பகுதிக்குள் நுழையாமல் தடுக்க வேண்டும். வயலை மனத்தில் கொண்டு எழுதிய விதி இது. வீடே தோட்டத்துக்குள் இருக்கும்போது யாரை எங்கிருந்து எங்கே நுழையாமல் தடுப்பது?

முதல் சாட்சிகள்

சாட்சியம் முதலில் சேர்ந்தது ஆய்வகத்தில் அன்று, தொழுவத்தில். 1979 வாக்கில் என்மகஜே ஊராட்சியின் பட்ரே கிராமத்தில் கால்கள் முறுக்கிக்கொண்டு கன்றுகள் பிறந்தன. அந்த ஊரைச் சேர்ந்த விவசாயியும் பத்திரிகையாளருமான ஸ்ரீ பட்ரே இதை 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார். தேனீக்கள் குறைந்தன, ஓடையில் மீன் செத்து மிதந்தது என்று ஊரார் சொன்னார்கள். வேறு இடங்களில் ஆய்வாளர்கள் கருவிகொண்டு அளக்கும் சூழல் குறியீடுகளை இங்கே மாடு வளர்ப்பவரும் தேன் எடுப்பவரும் கண்ணால் அளந்தார்கள். அவர்களிடம் தேதியிட்ட ஏடு இல்லை என்பதால் அது சாட்சியமாக எண்ணப்படவில்லை.

இரண்டாம் சாட்சி ஒரு மருத்துவர். 1980களின் தொடக்கம் முதல் அப்பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஒய்.எஸ். மோகன் குமார், நரம்புக் கோளாறு, மனவளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு, பிறவி ஊனம், புற்றுநோய் ஆகியவை தம்மிடம் வருவோரிடையே வழக்கத்துக்கு மாறாகக் குவிவதைக் கவனித்தார். மேலும் சில ஆண்டுகள் கழித்தே அவர் பார்வை தெளிப்பின் மீது திரும்பியது. ஒரு கிராம மருத்துவரின் நோயாளிப் பட்டியல் தொற்றுநோயியல் ஆய்வு ஆகாது. ஆனால் அத்தகைய ஆய்வு அங்கே தேவை என்பதற்கு அதைவிட வலுவான அறிகுறி வேண்டியதில்லை.

மூன்றாம் சாட்சி நீதிமன்றப் படியேறினார். பெரியா பகுதியில் வசித்த வேளாண்துறை ஊழியர் லீலாகுமாரி அம்மா 1998இல் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தம் பகுதியில் வான்வழித் தெளிப்புக்கு இடைக்காலத் தடை பெற்றார். சட்டத்தின் 27ஆம் பிரிவு அரசுகளுக்குத் தந்திருந்த தடை அதிகாரத்தை எந்த அரசும் அதுவரை இங்கே எடுக்கவில்லை. தெளிப்பை முதலில் நிறுத்தியது கீழமை உரிமையியல் நீதிமன்றம். அதை நிறுத்தக் கேட்டவர் அதே வேளாண்துறையின் ஊழியர்.

இரண்டு ஆய்வகம், இரண்டு முடிவு

2001இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பட்ரேயிலிருந்து நீர், மண், பால், மனித ரத்தம் முதலிய மாதிரிகளைச் சோதித்து, எண்டோசல்பான் எச்சம் மிக அதிக அளவில் இருப்பதாக அறிவித்தது. கேரளத் தோட்டக் கழகம் தன் பங்குக்குச் சென்னையை அடுத்த படப்பையில் உள்ள ஃபிரெட்ரிக் தாவரப் பாதுகாப்பு மற்றும் நச்சியல் நிறுவனத்திடம் ஆய்வு கேட்டது. அந்த ஆய்வு அச்சப்பட ஏதுமில்லை என்ற முடிவைத் தந்தது. ஒரே மண், ஒரே நீர், இரண்டு அறிக்கை.

இந்த முரண்பாட்டின் விளைவு சமமாக இல்லை. ஓர் அறிக்கை ஆபத்து என்றும் மற்றது ஆபத்தில்லை என்றும் சொல்லும்போது, ஐயத்தின் பலன் வேதிப்பொருளுக்கே போனது. கேரள அரசு அமைத்த அச்சுதன் குழு தடை கோரியது. 2001இல் மாநிலம் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. மத்திய வேளாண் அமைச்சகம் அமைத்த ஓ.பி. துபே குழுவோ நோய்களுக்கும் எண்டோசல்பானுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. அடுத்து வந்த சி.டி. மாயி குழு, கேரளத்தில் மட்டும் நிறுத்திவைத்துப் பிற மாநிலங்களில் தொடரலாம் என்றது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்டத்திலும் முந்திரித் தோட்டங்களில் இதே தெளிப்பு நடந்து, அங்கும் இதே வகைப் புகார்கள் எழுந்திருந்தன. மாநில எல்லையை மதிக்கத் தெரிந்த நஞ்சு உலகில் எங்கும் இல்லை.

அகமதாபாத் ஆய்வு

நிலைமையை மாற்றியது அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் கள ஆய்வு. தெளிப்புக்கு உள்ளான கிராமத்தின் பள்ளிப் பிள்ளைகளையும், சமூக நிலையில் ஒத்த, தெளிப்பு நடக்காத வேறோர் ஊரின் பிள்ளைகளையும் அது ஒப்பிட்டது. இதன் ஒரு பகுதி 2003இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியானது. 10 முதல் 19 வயது வரையிலான 117 சிறுவர்கள் ஒருபுறம், 90 பேர் மறுபுறம். தெளிப்புப் பகுதிச் சிறுவர்களில் 78 விழுக்காட்டினரின் ரத்தத்தில் எண்டோசல்பான் தென்பட்டது. ஒப்பீட்டுக் குழுவில் 29 விழுக்காடு. சராசரி அளவு நூறு கோடியில் 7.47 பங்கு, மற்றவர்களிடம் 1.37. தெளிப்புப் பகுதிச் சிறுவர்களிடம் பருவமடைதல் தாமதமாகியிருந்தது. பாலின ஹார்மோன் சுரப்பிலும் மாற்றம் காணப்பட்டது.

இந்த எண்களைவிடக் கூர்மையான செய்தி ஒன்று உண்டு. ரத்தம் எடுக்கப்பட்டது கடைசித் தெளிப்புக்குப் பத்து மாதம் கழித்து. ஒரு முழு மழைக்காலம் கடந்த பிறகும் நஞ்சு பிள்ளைகளின் உடலில் இருந்தது. 60 நாள், 90 நாள் என்று கணக்கிட்ட சட்டத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

ஐயத்தின் வரவு செலவு

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அகமதாபாத் ஆய்வின் மாதிரி சிறியது. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நோயையும் எண்டோசல்பானோடு நேரடியாக முடிச்சுப் போட இயலாது. உறவுமுறைத் திருமணம், ஊட்டக்குறைவு, மருத்துவ வசதியின்மை ஆகியவற்றுக்கும் பங்கிருக்கலாம். வேளாண் அறிவியலாளர்கள் சிலர் இன்றும் இந்தத் தொடர்பை ஏற்பதில்லை. ஒரு மாவட்டத்தின் எல்லாத் துயரையும் ஒரே சிமிழுக்குள் அடைப்பது அறிவியல் ஆகாது என்பது உண்மையே.

ஆனால் இந்த ஐயம் எங்கிருந்து வந்தது? தெளிப்பு தொடங்கும் முன் அப்பகுதி மக்களின் உடல்நிலையை யாரும் பதிவு செய்யவில்லை. இருபதாண்டுக் காலம் தெளித்தபோது நீரையும் ரத்தத்தையும் முறையாக அளந்துவைக்கவில்லை. ஒப்பிட அடிப்படைத் தரவு இல்லை என்று பின்னாளில் சொல்லப்பட்டது. அந்தத் தரவை எடுக்க வேண்டிய கடமை தெளித்தவர்களுடையது, அனுமதித்தவர்களுடையது. அளக்காமல் விட்டவர்களுக்கே அளவில்லாமை ஆதாயமானது. காசர்கோட்டின் வரலாறு தரும் முதன்மையான பாடம் இதுவே.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் முந்திரி மரத்தில் தேயிலைக் கொசுவை வேட்டையாடும் என்பது முந்திரி ஆய்வாளர்கள் பதிவு செய்த உண்மை. வானிலிருந்து பெய்யும் பூச்சிக்கொல்லி பகையையும் காவலையும் பிரித்தறியாது.

ஜெனீவாவும் டெல்லியும்

காசர்கோட்டுக்கு வெளியே உலகம் வேறு தடத்தில் இதே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் எண்டோசல்பானைக் கைவிட முடிவெடுத்தது. தெளித்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், வடதுருவப் பகுதியிலும் அதன் தடயம் இருந்தது. 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள், நீடித்து நிற்கும் கரிம மாசுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தன. உலகின் முதன்மை உற்பத்தியாளராக இருந்த இந்தியா நெடுநாள் எதிர்த்துவிட்டு, சில பயிர்களுக்கு விலக்குப் பெற்றுக்கொண்டு ஒப்புக்கொண்டது.

அடுத்த மாதமே, 2011 மே 13 அன்று, உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பான் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையையும், கேடு வரும் என்ற ஐயம் இருக்கும்போதே காத்துக்கொள்ள வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் நீதிமன்றம் அடிப்படையாகக் கொண்டது. முப்பதாண்டுக்கு மேல் பட்ரே மக்கள் சுமந்த மெய்ப்பிக்கும் பொறுப்பு அன்றுதான் தோள் மாறியது. அதை மாற்றியதும் பூச்சிக்கொல்லிகள் சட்டம் அன்று, அரசியலமைப்பு.

இழப்பீட்டின் பாதையும் இதே மெதுநடைதான். 2006இல் கேரள அரசு இறந்தோர் குடும்பங்களுக்கு 50,000 ரூபாய் வழங்கியது. 2010 இறுதியில் தேசிய மனித உரிமை ஆணையம் இறந்தோர் குடும்பத்துக்கும் படுத்த படுக்கையானோருக்கும் 5 லட்சம், ஏனையோருக்கு 3 லட்சம் எனப் பரிந்துரைத்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சத்தை மூன்று மாதத்துக்குள் வழங்க 2017 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தாண்டு கழித்து, 2022 மே மாதம், அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டது. 3,704 பேரில் பணம் பெற்றிருந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களும் நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு வந்தவர்கள். எஞ்சியோருக்கான தொகை அதன் பிறகே நகர்ந்தது.

முடிவுரை

எண்டோசல்பான் போய்விட்டது, அதை இருபதாண்டு தெளிக்க இடம் தந்த சட்டம் போகவில்லை. அதற்கு மாற்றாக 2008இலும் 2020இலும் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் கையில் இருந்தது 1968ஆம் ஆண்டுச் சட்டமே. தற்கொலைகளைத் தடுக்க மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழ்நாடு அரசு 2023 தொடக்கத்தில் தடை செய்தபோதும், அந்தத் தடையின் ஆயுள் 60 நாள்.

ஆகவே புதிய சட்டம் எதுவாயினும் அதில் நான்கு விதிகள் இடம்பெற வேண்டும். தெளிக்கும் முன் அப்பகுதி மக்களின் உடல்நிலையும் நீர்நிலையும் பதிவு செய்யப்பட வேண்டும். தெளிக்கும் காலம் முழுதும் அளவீடு தொடர வேண்டும். அதன் முடிவுகள் ஊராட்சியின் கையில் இருக்க வேண்டும். கேடு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருக்கும் தெளிப்பவருக்கும் உரியதாக வேண்டும். முறுக்கிய காலோடு கன்று பிறந்தது 1979இல். நாடு தழுவிய தடை வந்தது 2011இல். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளும் சான்று இல்லாமல் போன ஆண்டுகள் அல்ல, சான்றைக் கேட்க ஆளில்லாமல் போன ஆண்டுகள்.