திரித்துவம்: கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடந்த நீண்ட விவாதம்

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் தம் செல்போனை நம்மிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி. "கி.பி. 325 வரை கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஏக இறைவனையே வணங்கினார்கள். அந்த வருடம் ரோமப் பேரரசர் ஓட்டெடுப்பு நடத்தி ஈசா நபியைக் கடவுளாக்கினார். மர்யமையும் சேர்த்து மூன்று கடவுள்கள் ஆனார்கள்" என்று அதில் இருந்தது. அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறார். கூடப் படிக்கும் கிறிஸ்தவ நண்பரோடு இதைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. "இதை மகனுக்கு அனுப்பலாமா ஹஸ்ரத்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றோம். அந்தச் செய்தியில் உண்மையும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. அந்தப் பையன் இதைச் சொல்ல, நண்பர் தம் போதகரிடம் கேட்டு வந்து பிழையைக் காட்டிவிட்டால், நம் பிள்ளை சொன்ன உண்மையும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். வந்த செய்தியை விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயம் (49:6) நமக்குக் கற்றுத்தரும் ஒழுங்கு. ஆகவே நடந்தது என்ன என்பதை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

திரித்துவம் என்று அவர்கள் சொல்வது என்ன?

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்கள். ஆனால் கடவுள் ஒருவரே. மூவருக்கும் ஒரே இறைச்சாரம். இதுவே பெரும்பான்மைத் திருச்சபைகளின் கொள்கை. கத்தோலிக்கர், கிழக்குத் திருச்சபையினர், சி.எஸ்.ஐ., லூத்தரன் போன்ற சபையினர் இதில் ஒன்றுபடுகிறார்கள். கத்தோலிக்கர் தமிழில் 'மூவொரு இறைவன்' என்பார்கள். "நீங்கள் மூன்று கடவுள்களை வணங்குகிறீர்கள்" என்று சொன்னால் எந்தக் கிறிஸ்தவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். மர்யம் (அலை) அவர்கள் அந்த மூவரில் இல்லை. அல்மாயிதா 5:116இல் ஈசா (அலை) அவர்களையும் அவர்களுடைய அன்னையையும் தெய்வங்களாக ஆக்கிக்கொள்வது கண்டிக்கப்படுகிறது. திருச்சபை வகுத்த திரித்துவத்தின் வரையறை அங்கே பேசப்படவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

திரித்துவம் என்ற சொல் பைபிளில் எங்கும் இல்லை. இதைக் கிறிஸ்தவ அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த தெர்துல்லியன் என்பவர் கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் லத்தீனில் இச்சொல்லைக் கையாண்டார். சொல் பின்னால் வந்தாலும் கருத்து பைபிளிலேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். மத்தேயு 28:19, யோவான் 1:1, யோவான் 10:30 ஆகியவற்றை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எதிர்த்தவர்கள் மாற்கு 12:29, மாற்கு 13:32, யோவான் 14:28, யோவான் 17:3 ஆகியவற்றைக் காட்டினார்கள். இறைவன் ஒருவனே என்பதும், இறுதி வேளையைக் குமாரனும் அறியமாட்டார் என்பதும், பிதா தன்னிலும் பெரியவர் என்பதும், அனுப்பியவன் ஒருவன் அனுப்பப்பட்டவர் வேறு என்பதும் அந்த இடங்களில் வருகின்றன. ஒரே நூலை வைத்துக்கொண்டு இரு தரப்பும் வாதிட்டதுதான் இந்த வரலாறு.

நிசேயாவுக்கு முன்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களுக்குள் பல கருத்துகள் இருந்தன. எபியோனியர் என்ற யூதக் கிறிஸ்தவப் பிரிவினர் இயேசுவை மனிதராகவும் மெசியாவாகவும் மட்டுமே ஏற்றார்கள். அதே காலத்தில் அவரைத் தெய்வமாகப் பாவித்தவர்களும் இருந்தார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, அங்குள்ள கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைக் கடவுளைப் போலப் பாடித் துதிக்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். அதாவது 325க்கு இருநூறு வருடங்களுக்கு முன்பே அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியஸ் என்பவர், பிதா, குமாரன், ஆவி என்பவை ஒரே இறைவனின் மூன்று தோற்றங்களே என்றார். அந்தியோக்கியா ஆயர் பவுல், இயேசு இறையருள் தங்கிய மனிதர் என்ற கருத்துக்காக 268இல் பதவி நீக்கப்பட்டார்.

ஆரியஸ் எழுப்பிய கேள்வி

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியஸ் என்ற குருவானவர் இருந்தார். 318 வாக்கில் தம் ஆயர் அலெக்சாந்தரோடு அவருக்குக் கருத்து மோதல் வந்தது. ஆரியஸின் வாதம் எளிமையானது. ஒருவர் பெற்றெடுக்கப்பட்டார் என்றால் அவருக்கு ஒரு தொடக்கம் இருக்க வேண்டும். தொடக்கம் உள்ளவர் தொடக்கமில்லாத இறைவனுக்குச் சமமாக முடியாது. ஆகவே குமாரன் படைக்கப்பட்டவரே. தம் கருத்துகளை அவர் பாட்டாகவும் எழுதினார். மாலுமிகளும் மாவரைப்போரும் பாடும்படி அவர் பாட்டுகளை இயற்றியதாக ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இங்கே நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறோம். ஆரியஸை நம் ஆள் போல ஆக்கிவிடுகிறோம். உலகம் படைக்கப்படும் முன்பே குமாரன் படைக்கப்பட்டார் என்றும், அவர் வழியாகவே பிதா மற்ற அனைத்தையும் படைத்தார் என்றும் ஆரியஸ் நம்பினார். அது ஈசா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், தூதர் என்ற நம் ஈமான் அல்ல. படைத்தவனும் படைப்பும் ஒன்றாக முடியாது என்ற ஒரு புள்ளியில்தான் அவர் நமக்கு அருகில் வருகிறார்.

325: நிசேயா மாநாடு

பேரரசர் கான்ஸ்டன்டைன் 325இல் ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தார். இன்று துருக்கியில் இஸ்னிக் என்று வழங்கும் ஊர் அது. ஆயர்கள் 318 பேர் என்பது மரபு. கலந்துகொண்ட யூசேபியஸ் 250க்கு மேல் என்கிறார். குமாரன் பிதாவோடு 'ஒரே சாரம்' உடையவர் என்று விசுவாச அறிக்கை எழுதப்பட்டது. கிரேக்கத்தில் ஹோமோஊசியோஸ் என்ற சொல். இச்சொல்லும் பைபிளில் இல்லை. ஆரியஸும் லிபிய ஆயர்கள் இருவரும் ஏற்க மறுத்து நாடு கடத்தப்பட்டார்கள்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இயேசு தெய்வமா மனிதரா என்ற ஓட்டெடுப்பு அங்கே நடக்கவில்லை. இரு தரப்புமே அவரை மனிதரை விட மேலானவராகக் கருதினார்கள். அவர் படைக்கப்பட்டவரா என்பதே சர்ச்சை. இரண்டு, பைபிளில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானித்ததாகச் சொல்வதும் ஆதாரமற்றது. மூன்று, பரிசுத்த ஆவியைப் பற்றி அந்த அறிக்கையில் அவரையும் விசுவாசிக்கிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. முழுத் திரித்துவக் கொள்கை அப்போது வரையறுக்கப்பட்டு முடியவில்லை.

56 வருட இழுபறி

மாநாட்டோடு விவகாரம் ஓய்ந்துவிடவில்லை. சில வருடங்களில் ஆரியஸ் திரும்ப அழைக்கப்பட்டு, 336இல் கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார். 337இல் மரணப்படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியஸை ஆதரித்த நிக்கொமேதியா ஆயர் யூசேபியஸ். அடுத்து ஆண்ட கான்ஸ்டன்டியஸ் நிசேயாவுக்கு எதிரணியை ஆதரித்தார். நிசேயா கொள்கையின் தூணாக நின்ற அத்தனேசியஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். நடுவில் ஒரு சாரார், ஒரே சாரம் என வேண்டாம், 'ஒத்த சாரம்' என வைப்போம் என்றார்கள். கிரேக்கத்தில் இரண்டு சொற்களுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். 360இல் 'சாரம்' என்ற சொல்லே வேண்டாம் என்று மாநாடு முடிவெடுத்தது.

பிறகு பசில், நிசா கிரகோரி, நசியான்சு கிரகோரி என்ற மூவர், 'சாரம் ஒன்று, ஆட்கள் மூவர்' என்று வரையறை செய்தார்கள். 380இல் பேரரசர் தியோடோசியஸ் இக்கொள்கையை ஏற்கும்படி ஆணையிட்டார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் மாநாடு பரிசுத்த ஆவியும் பிதாவோடும் குமாரனோடும் சேர்த்து வணங்கப்படுபவர் என அறிக்கையை விரித்தது. இன்று தேவாலயங்களில் நைசீன் விசுவாசப்பிரமாணம் என்று சொல்லப்படுவது இந்த விரிந்த வடிவம்தான்.

அதற்குப் பிறகும் ஆரியக் கொள்கை மறையவில்லை. ஸ்பெயினை ஆண்ட விசிகோத் மன்னர்கள் 589 வரை அதிகாரபூர்வமாக ஆரியக் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். அதிலிருந்து 122 வருடங்கள் கழித்து, 711இல் தாரிக் இப்னு ஸியாத் (ரஹ்) அங்கே கரை இறங்கினார்.

ஒரு வசனத்தின் கதை

யோவானின் முதல் கடிதம் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்று என்ற பொருளில் ஒரு வாக்கியம் உண்டு. 1516இல் எராஸ்மஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. அவர் பார்த்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. பின்னர் அவ்வாக்கியம் உள்ள ஒரு பிரதி காட்டப்பட்டதும் 1522 பதிப்பில் சேர்த்தார். 1611 ஆங்கில மொழிபெயர்ப்பிலும், தமிழில் பரவலாக உள்ள பழைய மொழிபெயர்ப்பிலும் அது இடம்பெற்றது. இன்றைய புதிய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதை நீக்கிவிட்டன. நீக்கியவர்கள் திரித்துவத்தை நம்பும் கிறிஸ்தவ அறிஞர்களே. தம் கொள்கைக்குச் சாதகமான வாக்கியமாயினும் மூலத்தில் இல்லை என்று சொன்ன அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும். தங்கள் கொள்கை அந்த ஒரு வாக்கியத்தில் நிற்கவில்லை என்பதும் அவர்கள் சொல்வது.

உயிரைக் கொடுத்தவர்கள்

ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மிகேல் செர்வெட் 1531இல் திரித்துவத்தை மறுத்து நூல் எழுதினார். நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றுவதை ஐரோப்பாவில் முதலில் எழுதியவரும் இவரே. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னு நஃபீஸ் (ரஹ்) அதை எழுதியிருந்தார். கத்தோலிக்கர் செர்வெட்டின் உருவத்தை எரித்தார்கள். அவர்களிடமிருந்து தப்பி ஜெனீவா போனவரை 1553 அக்டோபர் 27 அன்று புராட்டஸ்டண்டுகள் உயிரோடு எரித்தார்கள். 1903இல் அதே புராட்டஸ்டண்ட் வழியினர் அந்த இடத்தில் வருத்தம் தெரிவித்து நினைவுக்கல் நட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1697இல் தாமஸ் ஐகன்ஹெட் என்ற 20 வயது மாணவர் தூக்கிலிடப்பட்டார். தெய்வநிந்தனை வழக்கு, திரித்துவத்தை மறுத்ததும் குற்றச்சாட்டில் ஒன்று. அறிவியலறிஞர் நியூட்டன் இதே மறுப்பைக் கைப்பட எழுதி வைத்தும் வாழ்நாளில் வெளியிடவில்லை. பிரிட்டனில் திரித்துவத்தை மறுப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1813இல்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காட்சி. பாக்தாதில் 781 வாக்கில் அப்பாஸிய கலீஃபா மஹ்தி, கிழக்குத் திருச்சபைத் தலைவர் தீமோத்தேயுவிடம் திரித்துவத்தைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். சூரியனும் அதன் ஒளியும் வெப்பமும் போல என்று அவர் பதில் சொன்னார். கலீஃபா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் தம் பதவியிலேயே நீடித்தார். அந்த உரையாடலை எழுதி வைத்தவரும் அவரே.

நம் நாட்டில்

இந்த விவாதம் நம் மண்ணுக்கும் வந்தது. ஒருமைக் கொள்கையுடைய யூனிடேரியன் சபை ஒன்றைச் சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்தி வந்தார். வங்காளத்தில் ராஜாராம் மோகன் ராய், ஓரிறைக் கொள்கையை வலியுறுத்திப் பாரசீகத்தில் நூல் எழுதியவர். 1820இல் இயேசுவின் போதனைகளைத் தொகுத்து வெளியிட்டு, செராம்பூர் மிஷனரிகளோடு திரித்துவம் பற்றி வாதிட்டார். அவரோடு பணியாற்றிய வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி 1821இல் திரித்துவத்தைக் கைவிட்டார்.

இன்றும் யெகோவாவின் சாட்சிகள், யூனிடேரியன்கள், பெந்தெகொஸ்தேயில் 'ஒருமை' பிரிவினர் எனத் திரித்துவத்தை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. யெகோவாவின் சாட்சிகள் ஆரியஸின் கருத்துக்கு நெருக்கமானவர்கள். 'ஒருமை' பிரிவினரோ இயேசுவே முழு இறைவன் என்பவர்கள்.

நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

நம் அகீதா தெளிவானது. அன்னிஸா 4:171இலும் அல்மாயிதா 5:73இலும் 'மூன்று' என்ற கூற்று மறுக்கப்படுகிறது. இக்லாஸ் அத்தியாயம் அல்லாஹ் ஒருவன், பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்று போதிக்கிறது. நமக்கு இதுவே போதுமான ஆதாரம். அதை நிலைநாட்ட இட்டுக்கட்டிய வரலாறு தேவையில்லை. நடந்த வரலாறே ஒரு விஷயத்தைக் காட்டிவிடுகிறது: இக்கொள்கை வரையறுக்கப்பட நூற்றாண்டுகள் ஆயின, மாநாடுகளும் அரச ஆணைகளும் தேவைப்பட்டன, ஒவ்வொரு காலத்திலும் பைபிளைப் படித்த கிறிஸ்தவர்களிலேயே சிலர் அதை மறுத்தார்கள்.

நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனா வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களை மஸ்ஜிதிலேயே வரவேற்றார்கள். கொள்கையில் விட்டுக்கொடுக்கவில்லை, உடன்படிக்கை செய்து கண்ணியமாக அனுப்பி வைத்தார்கள். வேதக்காரர்களோடு அழகிய முறையிலன்றித் தர்க்கம் செய்யாதீர்கள் என்பது அல்அன்கபூத் 29:46இன் கட்டளை. அழகிய முறை என்பதில் இனிமையான பேச்சு மட்டுமல்ல, எதிரே இருப்பவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லாமல் இருப்பதும் அடங்கும்.

அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னதும் இதுதான். அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள். மகனை நண்பரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "நீங்கள் திரித்துவம் என்று எதைச் சொல்கிறீர்கள்?" பதிலைப் பொறுமையாகக் கேட்கட்டும். பிறகு ஈசா (அலை) அவர்களை நாம் எவ்வளவு நேசிக்கிறோம், ஏன் அவர்களை வணங்குவதில்லை என்று தம் ஈமானைச் சொல்லட்டும். ஹிதாயத் கொடுப்பது அல்லாஹ்வின் கையில். உண்மையை உண்மையாகச் சொல்வது மட்டுமே நம் பொறுப்பு.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தெளிவான ஈமானையும் நேர்மையான நாவையும் தருவானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.