பள்ளியில் அயல்மொழி: பண்பொழியிலிருந்து ஒரு கணக்கு

பள்ளியில் அயல்மொழி கற்பதால் பயன் உண்டா என்ற வினாவுக்கு அமெரிக்கப் பொருளியலாளர் பிரையன் கேப்லன் 2018-இல் வெளியான தம் நூலில் கடுமையாக விடை சொன்னார். பள்ளியில் கற்ற அயல்மொழியை மிக நன்றாகப் பேசுவதாகச் சொல்லும் அமெரிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எனவே அந்த உழைப்பு வீண் என்பது அவர் வாதம். அவர் காட்டும் கணக்கை ஏற்கிறேன். முடிவை ஏற்பதற்கு முன், எந்த மொழி, எந்த ஊரில், எந்த வயதில் என்று கேட்டாக வேண்டும். தென்காசி மாவட்டத்துப் பண்பொழியை வைத்து இங்கே அதைக் கேட்கிறேன்.

முதலில் நேரம். ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் பிரெஞ்சில் பணிக்குரிய தேர்ச்சி பெற 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், அரபி, ஜப்பானியம், கொரியம் போன்றவற்றுக்கு 2,200 மணி நேரமும் வேண்டும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனத்தின் மதிப்பீடு. அதுவும் வளர்ந்தவர்களுக்கு, சிறு குழுவாக, முழுநேரப் பயிற்சியில். நம் பள்ளியில் வாரத்துக்கு 2 பாடவேளை, வேளைக்கு 40 நிமிடம், ஆண்டுக்கு 40 வாரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 53 மணி நேரம்தான் வரும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ முடிய ஏறத்தாழ 213. தேசியக் கல்விக் கொள்கை 2020 கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யன் என்று அடுக்குகிறது. இந்த நேரத்துக்குள் அவற்றில் எதுவும் ஒரு மாணவருக்கு வசப்படாது.

பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளை நாம் அறிவோம். மதிப்பெண் வந்தது, தேர்வோடு மொழி போய்விட்டது. ஒரு மொழிக்கும் ஒரு பிள்ளைக்கும் இதைவிடப் பெரிய அவமதிப்பு வேண்டியதில்லை.

சின்ன வயதில் தொடங்கினால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டனர். வகுப்பு நேரம் சமமாக இருந்தபோது பிந்தித் தொடங்கியவர்களே பெரும்பாலும் முந்தி நின்றனர். இளம் வயதின் அனுகூலம், மொழி காதில் விழுந்துகொண்டே இருக்கும் இடத்தில்தான் பலிக்கிறது.

பண்பொழியில் அப்படிக் காதில் விழும் அயல்மொழி மலையாளம். அச்சன்கோவிலுக்குப் போகும் சாலை இவ்வூர் வழியாக மேக்கரைக்கு ஏறுகிறது. திருமலைக் குமாரசுவாமியைக் கும்பிட மலையாளிகள் வருகிறார்கள். சீசன் காலத்தில் குற்றாலத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் மலையாள எழுத்து நிற்கிறது. பாவூர்சத்திரத்துக் காய்கறி புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. புத்தகத்தை மூடிய பிறகும் பாடம் தெருவில் நடக்கும் ஊர் இது.

அறிவுப் பயனும் உண்டு. ‘ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு’ என்று மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ‘வந்தேன், வந்தான், வந்தாள்’ என்று எழுதினால் போதும். திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தது என்னவென்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்போதுதான் கண்ணில் படும். அயல்மொழி மனத்தை விரிவாக்கும் என்று வாதிடுவோர் நாடுவது இதைத்தான். அதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை.

பள்ளியில் மலையாளம் கற்பிப்பதற்கு எதிரான வாதம் ஒன்று வலுவானது. செங்கோட்டை வட்டம் முதலில் திருவிதாங்கூர் ஆட்சியிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியிலும் இருந்தது. ஆட்சியாளர் மொழியாக மலையாளம் வந்தபோது அதைத் தமிழர் எதிர்த்தனர். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடினர். அந்த எதிர்ப்பு நியாயமானது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கையையும் நான் மனமார ஆதரிக்கிறேன். ஆகவே நான் கேட்பது மூன்றாவது கட்டாயப் பாடம் அன்று. விரும்பும் பிள்ளைக்கு, தேர்வு இல்லாமல், மதிப்பெண் இல்லாமல் ஒரு வகுப்பு. கட்டாயமாக வருவதும் விருப்பத்தால் வருவதும் ஒன்றல்ல என்பதை இவ்வட்டாரத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிழைப்புக்கான தொலைமொழிகளின் கதை வேறு. ஜெர்மனியில் செவிலியராகப் பதிவுபெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 எனப்படும் நிலைத் தேர்ச்சி கேட்கிறார்கள். செவிலியர் படிப்பு முடித்த பெண் அதற்காக ஓராண்டு முழுநேரமாக உழைப்பது முறை. அவளையே பதினான்கு வயதில் வாரம் இருமுறை ஜெர்மன் வகுப்பில் உட்கார வைப்பதில் பொருளில்லை. அந்த வேளையை ஆங்கிலத்துக்குக் கொடுக்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து கற்றும் ஒரு பத்தியைத் தானாக எழுதத் தயங்கும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏராளம். கையில் இருக்கும் அயல்மொழியைச் செம்மையாகக் கற்பிக்காமல் இன்னொன்றைச் சேர்ப்பது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி.

பண்பொழி, செங்கோட்டை, புளியரை வட்டாரப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, வாரம் இரண்டு மாலைகள், பேச்சு மலையாளமும் அதன் எழுத்தும் கற்பிக்கும் விருப்ப வகுப்பைப் பள்ளிக் கல்வித் துறை தொடங்க வேண்டும். இரு மொழியும் அறிந்தவர்கள் இவ்வூர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களை மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால் போதும்.