அபாயகரக் கழிவுகளைத் திடப்படுத்துதல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் பணிபுரிவோரும் அருகில் வசிப்போரும் "கழிவைச் சிமெண்டுடன் கலந்து கெட்டியாக்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?" என்று கேட்பதுண்டு. நஞ்சு அழிவதில்லை; வெளியேறாதவாறு கட்டப்படுகிறது என்பதே விடை.

இது எவ்வாறு செய்யப்படுகிறது?

நிலைப்படுத்துதல் என்பது வேதிவினை மூலம் நஞ்சை நீரில் எளிதில் கரையாத வடிவிற்கு மாற்றுவதாகும். சான்றாக, நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம், இரும்பு சல்பேட்டினால் மூன்று இணைதிறன் வடிவிற்கு மாற்றப்பட்டு, சுண்ணாம்பு சேர்த்து வீழ்படிவாக்கப்படுகிறது. திடப்படுத்துதல் என்பது அதனைச் சிமெண்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல் ஆகியவற்றுடன் பிணைத்துக் கட்டியாக்குவதாகும். நஞ்சு கசியும் அளவு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே, கட்டி பாதுகாக்கப்பட்ட நிலநிரப்புத் தளத்தில் புதைக்கப்படுகிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகக் கழிவுகளுக்கு இம்முறை பொருந்தும். கரிமக் கரைப்பான்கள் மிகுந்த கழிவுகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

செய்யத் தவறினால்?

இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, 1 லட்சம் டன்னுக்கும் மேல், திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மழைநீரில் கரைந்த குரோமியம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

- கழிவுக் கட்டிகளையோ தூளையோ வீட்டுத்தளம் போடவும் பள்ளம் நிரப்பவும் பயன்படுத்தாதீர்கள். உடைந்தால் நஞ்சு மீண்டும் கசியக்கூடும்.
- நிறமோ சுவையோ மாறிய கிணற்று நீரைப் பருகாதீர்கள். கொதிக்க வைப்பதால் உலோகங்கள் நீங்கா. தெளிவான நீரிலும் அவை இருக்கலாம். ஐயமிருப்பின் நீரைப் பரிசோதனை செய்யுங்கள்.
- பணியுடையைத் தனியே துவையுங்கள். குளித்த பின்னரே குழந்தைகளைத் தூக்குங்கள்.
- கழிவோ ஈரச் சிமெண்டோ தோலிலோ கண்ணிலோ பட்டால் குறைந்தது 15 நிமிடங்கள் நீரால் கழுவிவிட்டு, மருத்துவரை அணுகுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

ஆறாத தோல் புண், அடிக்கடி மூக்கில் இரத்தக் கசிவு, மூச்சுத்திணறல் ஆகியன குரோமியத்தாலும், தொடர் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை ஆகியன ஈயத்தாலும் ஏற்படலாம். ஈயம் குழந்தைகளின் கற்றல் திறனைக் குறைக்கும். இவ்வறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது நோயாளியின் தொழிலையும், கையாளும் பொருளையும், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தவறாமல் கூறுங்கள். எந்தப் பரிசோதனை தேவை என்பதை முடிவு செய்ய அத்தகவலே மருத்துவருக்கு வழிகாட்டும். அவசர நிலையில் 108 எண்ணை அழையுங்கள்.